ஆர்டிபியைக் காணவில்லை, ரீச்சர்!

வின்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு, நன்றாக ஓடுகிற லப்டொப்பை ஏன் எறிய வேண்டும் என்று லினக்ஸுக்கு மாறியவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு வீடு மட்டக்களப்பில், வேலை செய்யும் கணினி கொழும்பில். இம்முறை வந்த கடிதங்களில் கூடுதலானவை தூரத்துக் கணினியைத் திறப்பதில் வரும் சிக்கல்களைப் பற்றியவை. வின்டோஸில் அப்படித் திறக்கும் வழிக்குப் பெயர் ஆர்டிபி, லினக்ஸிலிருந்து அதைப் பாவிக்க உதவும் செயலி ரெம்மினா. ஆகவே இந்த இதழை அதற்கே ஒதுக்கிவிட்டேன். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. கோடு வரும் இடத்தில் கழித்தல் குறி.

கேள்வி: ரீச்சர், நான் களுவாஞ்சிக்குடியில் வீட்டிலிருந்தபடி கொழும்பு நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கு வேலை செய்கிறேன். அவர்களுடைய வின்டோஸ் கணினிக்குள் ஆர்டிபி வழியாகத்தான் போக வேண்டும். லப்டொப்பில் உபுண்டு லினக்ஸ் போட்டு, ஒரு வீடியோவைப் பார்த்து ரெம்மினாவையும் இன்ஸ்டோல் செய்தேன். ஆனால் புது இணைப்பு உருவாக்கும் இடத்தில் எஸ்எஸ்எச், எஸ்எஃப்டிபி என்பவைதான் இருக்கின்றன. ஆர்டிபியைக் காணவில்லை. நிறுவனம் அனுப்பிய கோப்பைத் திறந்தால் ஆர்டிபி பிளகினை முதலில் நிறுவு என்கிறது. அழித்து அழித்துத் திரும்பப் போட்டும் அதே கதைதான். வேலை செய்யாத நாளுக்கு எனக்குச் சம்பளம் இல்லை. உபுண்டுவையே முழுதாகத் திரும்பப் போடவா?
— ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: வேண்டாம் தங்கச்சி, உபுண்டுவில் கை வைக்காதீர்கள். உங்களுக்குக் குறைவது ஒரேயொரு சின்னப் பக்கேஜ் (மென்பொருள் பொதி), ரெம்மினாவோடு சேரும் பிளகின், அதாவது துணைப் பகுதி. கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து இந்த இரண்டு வரிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அடியுங்கள்.

சூடோ ஏப்ட் அப்டேட்
சூடோ ஏப்ட் இன்ஸ்டோல் ரெம்மினா-பிளகின்-ஆர்டிபி

டேட்டாவைப் பற்றிப் பயப்பட வேண்டாம், பிளகின் சிறியதுதான். ஆர்டிபியில் உண்மையாகப் பேசுவது ஃப்ரீஆர்டிபி என்ற நூலகம். அதையும் இந்தக் கட்டளை தானாகவே கூட்டிக்கொண்டு வரும்.

போட்டு முடித்ததும் ரெம்மினாவை முழுதாக நிறுத்த வேண்டும். இந்த இடத்தில்தான் கனபேர் தடுமாறுகிறார்கள். பெருக்கல் குறியை அழுத்தினால் ஜன்னல் மூடும், ஆனால் ரெம்மினா மேல்பட்டையில் ஒரு சின்ன ஐகொனாக ஓடிக்கொண்டே இருக்கலாம். அது தன் பிளகின்களைத் தேடிப் பார்ப்பது தொடங்கும்போதுதான். பழையபடி ஓடிக்கொண்டிருக்கும் ரெம்மினாவுக்குப் புதுப் பிளகின் வந்ததே தெரியாது. நீங்களோ, போட்டும் சரிவரவில்லை என்று நினைத்துவிடுவீர்கள். கில்ஓல் ரெம்மினா என்று அடித்து, அதன் பிறகு திறந்து பாருங்கள். பட்டியலில் ஆர்டிபி வந்து நிற்கும்.

இனி, ஏன் இப்படி நடந்தது என்பதற்கு வருகிறேன். நீங்கள் பார்த்த வீடியோவின் கட்டளையைக் கடிதத்தின் அடியில் அப்படியே எழுதியிருந்தீர்கள், அது பெரிய உதவி. அதில் நோ-இன்ஸ்டோல்-ரெகமண்ட்ஸ் என்று ஒரு சொல் இருக்கிறது. டேட்டா மிச்சமாகும் என்று சொல்லி இதைப் பலர் கற்றுக்கொடுக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. 

பக்கேஜ்களை இறக்கிப் போடும் நிரலான ஏப்ட் ஒவ்வொரு பக்கேஜுக்கும் மூன்று பட்டியல்கள் வைத்திருக்கிறது. முதலாவது, இல்லாவிட்டால் ஓடவே ஓடாதவை. இரண்டாவது, சாதாரணமாக எல்லோருக்கும் தேவைப்படுபவை, இதுதான் ரெகமண்ட்ஸ். மூன்றாவது, விரும்பினால் போட்டுக்கொள்பவை. உபுண்டுவும் டெபியன் லினக்ஸும் முதல் இரண்டையும் தாமாகவே போடும். ரெம்மினாவைப் பொறுத்தவரை ஆர்டிபி பிளகின், விஎன்சி பிளகின், பாஸ்வேர்டுகளைக் கீரிங்கில் பாதுகாத்து வைக்கும் சீக்ரட் பிளகின் மூன்றும் இரண்டாவது பட்டியலில் இருக்கின்றன. ஏப்ட்டின் கண்ணோட்டத்தில் அது சரிதான். எஸ்எஸ்எச் (தூரத்துக் கணினியில் கட்டளை அடிக்கும் வழி) மட்டும் பாவிக்கிற ஒருவருக்கு ஆர்டிபி இல்லாமலும் ரெம்மினா ஓடும். ஆனால் உங்களுக்கு? வயலுக்கு வோட்டர் பம்ப் வாங்கியவர் உறிஞ்சு குழாயைக் கடையிலேயே விட்டுவந்தால் பம்ப் ஓடும், வாய்க்காலுக்குத் தண்ணீர் வராது.

அழித்துப் போட்டும் ஏன் சரிவரவில்லை என்றால், ஒவ்வொரு தரமும் அதே கட்டளையைத்தான் அடித்திருக்கிறீர்கள். அழிக்காமல் மேலே மேலே போட்டாலும் பயனில்லை. ரெம்மினா ஏற்கனவே இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஏப்ட் நின்றுவிடும். முதல் முறை விடுபட்ட பரிந்துரைகளை அது திரும்பப் போய்த் தேடாது. பெயர் சொல்லிக் கேட்டால்தான் தரும்.

என்ன விடுபட்டிருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். ஏப்ட்-கேஷ் டிபென்ட்ஸ் ரெம்மினா என்று அடித்தால் அந்தப் பட்டியல்கள் வரிசையாக வரும். அதில் சந்தேகப்படும் பெயரை எடுத்து, ஏப்ட் பொலிசி ரெம்மினா-பிளகின்-ஆர்டிபி என்று கேளுங்கள். இன்ஸ்டோல்ட் என்ற சொல்லுக்கு எதிரே அடைப்புக்குறிக்குள் நன் என்று இருந்தால் அந்தப் பக்கேஜ் உங்கள் கணினியில் இல்லை. அதற்கு அடுத்த கன்டிடேட் வரியில் ஓர் எண் இருந்தால், கேட்டால் கிடைக்கும் என்று அர்த்தம். வேறு எதையும் தொடுவதற்கு முன் இந்த இரண்டு வரிகளையும் வாசியுங்கள்.

அந்தச் சொல் இல்லாமலே கட்டளை கொடுத்தும் பிளகின்கள் வராத கணினிகளும் உண்டு. அவற்றில் யாரோ ஏப்ட்டின் அமைப்புக் கோப்பிலேயே பரிந்துரைகளை நிறுத்தி வைத்திருப்பார்கள். ஏப்ட்-கொன்ஃபிக் டம்ப் என்று அடித்து, இன்ஸ்டோல்-ரெகமண்ட்ஸ் என்ற பெயர் உள்ள வரியைத் தேடுங்கள். பூச்சியமோ ஃபோல்ஸோ இருந்தால் அதுதான் காரணம். ஈடிசி கோப்புறைக்குள் ஏப்ட், அதற்குள் ஏப்ட்.கொன்ஃப்.டி என்ற கோப்புறையில் அந்த வரி இருக்கும். கை மாறி வந்த லப்டொப் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே இதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. உபுண்டுவின் செயலிக் கடையில் தேடி ரெம்மினாவைப் போட்டால் அது ஸ்னப் என்ற வேறொரு பொதி வடிவத்தில் வந்திருக்கக்கூடும். அதற்குள் ஆர்டிபி ஏற்கனவே இருக்கும். ஆனால் ஸ்னப்பும் ஏப்ட்டும் ஒன்றின் பொருளை மற்றொன்று பார்ப்பதில்லை. ஏப்ட் வழியாக நீங்கள் போடும் பிளகின் ஸ்னப் ரெம்மினாவுக்குப் போய்ச் சேராது. இரண்டையும் போட்டு வைத்திருந்தால் நீங்கள் அழுத்தும் ஐகொன் எதைத் திறக்கிறது என்பதே குழப்பமாகிவிடும். ஸ்னப் லிஸ்ட் என்று அடித்து, அங்கேயும் ரெம்மினா இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள்.

நிறுவனத்தாருக்கும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நினைக்கிறேன். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு ஒரு கோப்பை அனுப்பிவிட்டு, மிச்சத்தை அவரே யூடியூபில் தேடிக்கொள்ளட்டும் என்று விட்டு, வேலை நின்ற நாளின் சம்பளத்தையும் வெட்டுவது நியாயமில்லை. ஒரு பக்கத்தில் வழிமுறை எழுதிக் கொடுப்பது அவர்களுக்குப் பெரிய வேலை அல்ல. இந்தப் பக்கத்தை வேண்டுமானால் அவர்களுக்கும் அனுப்புங்கள்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் ரீச்சர். சம்மாந்துறையில் எங்கள் வாப்பாவின் அரிசி ஆலை அலுவலகத்தில் ஒரு சின்னக் கணினியில் டெபியன் 12 போட்டு, நெல் வரவு செலவுக் கணக்கை அதில் வைத்திருக்கிறோம். திரை, கீபோர்ட் ஒன்றும் அதற்கு இல்லை. வீட்டிலுள்ள வின்டோஸ் லப்டொப்பிலிருந்து பார்ப்பதற்காக, லினக்ஸ் கணினிக்குள் ஆர்டிபி வழியாக வர விடும் எக்ஸ்ஆர்டிபி போட்டேன். பெயர், பாஸ்வேர்ட் கேட்கும் பெட்டி வருகிறது. கொடுத்தால் கொஞ்ச நேரம் ஏதோ வரிகள் ஓடி, இணைப்பில் பிரச்சினை, கைவிடுகிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லி நின்றுவிடுகிறது. பாஸ்வேர்ட் சரிதான். அது சரியான பிறகு ரௌட்டரில் ஆர்டிபிக்கான வாசலான 3389 போர்ட்டைத் திறந்துவிட்டால் கொழும்பிலிருந்தும் பார்க்கலாம்தானே?
— ஒரு வாசகர், சம்மாந்துறை

பதில்: வ அலைக்கும் ஸலாம் தம்பி. பெட்டி வருகிறது என்பதே நல்ல சேதி. வலையமைப்பும் எக்ஸ்ஆர்டிபியின் முன்வாசலும் சரியாக வேலை செய்கின்றன. பெயரும் பாஸ்வேர்டும் ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகு, உங்களுக்கென்று ஒரு திரையை உருவாக்கும் இடத்தில்தான் தடக்குகிறது.

திரையே இல்லாத கணினியில் திரையை உருவாக்குவது எக்ஸ்ஆர்டிபி அல்ல. பெட்டியின் மேற்பக்கத்தில் செஷன் என்று ஒரு தெரிவு இருக்கிறது பாருங்கள். அதில் சோர்க் என்று இருந்தால் சோர்க்எக்ஸ்ஆர்டிபி என்ற தனிப் பக்கேஜ் வேண்டும். எக்ஸ்விஎன்சி என்று இருந்தால் டைகர்விஎன்சி-ஸ்டான்ட்எலோன்-சேவர் வேண்டும். களுவாஞ்சிக்குடித் தங்கச்சிக்குச் சொன்ன அதே கதைதான், இந்த சோர்க்எக்ஸ்ஆர்டிபியும் பரிந்துரைப் பட்டியலில் இருப்பது. சேவருக்கு அநாவசியமாக ஒன்றும் ஏறக்கூடாது என்று நினைத்து நீங்களும் பரிந்துரைகளை வெட்டியிருப்பீர்கள்.

ஊகத்தில் விடாமல் லொக் கோப்பைப் பாருங்கள். வார் கோப்புறைக்குள் லொக், அதற்குள் எக்ஸ்ஆர்டிபி-செஸ்மன்.லொக். எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய் அதன் கடைசி வரிகளை வாசித்தால், 10ஆம் டிஸ்ப்ளேயில் எக்ஸ் சேவர் (திரையை உருவாக்கும் நிரல்) தொடங்கவில்லை என்ற கருத்தில் ஒரு வரி இருக்கும். 10 என்பது பிழை எண் அல்ல, எக்ஸ்ஆர்டிபி தன் திரைகளை 10இலிருந்து எண்ணத் தொடங்குவது வழக்கம். அடுத்ததாக ஈடிசி, எக்ஸ்11 (இங்கே மட்டும் எக்ஸ் பெரிய எழுத்து), எக்ஸ்ஆர்டிபி என்று உள்ளே போய் சோர்க்.கொன்ஃப் என்ற கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கோப்பைக் கொண்டுவருவதே சோர்க்எக்ஸ்ஆர்டிபிதான். கோப்பு இல்லையென்றால் வேறு விசாரணை தேவையில்லை.

சூடோ ஏப்ட் இன்ஸ்டோல் சோர்க்எக்ஸ்ஆர்டிபி
சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் எக்ஸ்ஆர்டிபி

சோர்க்எக்ஸ்ஆர்டிபி என்பதை ஆங்கிலத்தில் எக்ஸ், ஓ, ஆர், ஜி, எக்ஸ், ஆர், டி, பி என்று சேர்த்து அடியுங்கள்.

இதற்குப் பிறகு உள்ளே போனால் வெறும் கறுப்புத் திரை வந்து, உடனே வெளியே தள்ளலாம். அது அடுத்த குறை. சேவராகப் போட்ட டெபியனில் டெஸ்க்டொப் என்று ஒன்றே இருக்காது. எக்ஸ்ஆர்டிபி அதைக் கொண்டுவருவதும் இல்லை. உங்கள் ஆலைக் கணினிக்கு எக்ஸ்எஃப்சிஈ என்ற டெஸ்க்டொப் போதும், பாரம் குறைவு. அதையும் பரிந்துரைகளை வெட்டிப் போட்டீர்களானால் டிபஸ்-லோன்ச் என்பதைக் காணவில்லை என்று முறையிடும். அது இருப்பது டிபஸ்-எக்ஸ்11 என்ற பக்கேஜில். ஆகவே இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்: சூடோ ஏப்ட் இன்ஸ்டோல் எக்ஸ்எஃப்சிஈ4 டிபஸ்-எக்ஸ்11.

போர்ட் விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து 3389ஐ இணையத்துக்குத் திறக்காதீர்கள். உலகமெங்கும் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் நிரல்கள் இருக்கின்றன. திறந்திருப்பது தெரிந்தவுடன் பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கத் தொடங்கும். அந்தக் கணினியில் இருப்பது எத்தனையோ விவசாயிகளுக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய நெல்லுக் காசின் கணக்கு. அது பூட்டப்பட்டாலோ அழிந்தாலோ உங்கள் வாப்பாவின் தலையில் மட்டும் விழாது. வயர்கார்ட் அல்லது டெயில்ஸ்கேல் போன்று இரண்டு கணினிகளுக்கும் இடையே தனிப் பாதை போடும் மென்பொருள் ஒன்றை இரண்டு கணினிகளிலும் போட்டு, அதற்குள்ளால் ஆர்டிபியைக் கொண்டுபோங்கள். ஆலையில் சிம் போடுகிற 4ஜி ரௌட்டர் என்றால் போர்ட்டைத் திறந்தாலும் பெரும்பாலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. டெயில்ஸ்கேல் அங்கேயும் ஓடும்.

கேள்வி: எக்ஸ்ஆர்டிபியை இன்ஸ்டோல் செய்யச் சொன்னால் அப்படி ஒரு பக்கேஜே இல்லை என்று உபுண்டு சொல்கிறது. ஏன்?
— ஒரு மாணவர், ஒலுவில்

பதில்: முதலில் ஏப்ட் அப்டேட் கொடுத்தீர்களா? புதிதாகப் போட்ட கணினியில் பட்டியலே இறங்கியிருக்காது. கொடுத்தும் இல்லையென்றால், எக்ஸ்ஆர்டிபி உபுண்டுவின் யூனிவர்ஸ் பகுதியில் இருக்கிறது. சூடோ அட்-ஏப்ட்-ரெபொசிட்டரி யூனிவர்ஸ் என்று அடித்து அதைத் திறந்து, திரும்பவும் அப்டேட் கொடுங்கள்.

கேள்வி: ரீச்சர், நான் அக்கரைப்பற்றில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். பாடசாலை லினக்ஸ் கணினிக்குள் வீட்டிலிருந்து எக்ஸ்ஆர்டிபி மூலம் போய் வினாத்தாள்களைத் திருத்துகிறேன். என் லப்டொப்பில் பாமினி எழுத்துரு இருக்கிறது, ஆனால் தூரத்துத் திரையில் வினாத்தாள் முழுக்க ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது. வேறு சில கோப்புகளில் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் சதுரப் பெட்டிகள். ரிமோட் சொஃப்ட்வெயாரில் தமிழுக்குத் தனிப் பகுதி ஏதும் போட வேண்டுமா?
— ஓர் ஆசிரியை, அக்கரைப்பற்று

பதில்: ரிமோட் சொஃப்ட்வெயாரில் குறை இல்லை ரீச்சர். எழுத்தை வரைவது பாடசாலைக் கணினி. உங்கள் லப்டொப்புக்கு வருவது அது வரைந்து முடித்த படம்தான். ஆகவே எழுத்துரு இருக்க வேண்டியது அங்கே.

உங்களுக்கு இரண்டு விதமான குறைகள் இருக்கின்றன. சதுரப் பெட்டி தெரியும் கோப்புகள் யூனிகோட்டில் தட்டச்சு செய்தவை, அந்தக் கணினியில் யூனிகோட் தமிழ் எழுத்துரு ஒன்றும் இல்லை. அதற்கு ஃபொன்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல் என்ற பக்கேஜைப் போட்டால் போதும். ஆங்கிலமாகத் தெரிவது பாமினி, அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் எழுத்துரு. பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல், எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். கோப்பு பழுதாகவில்லை, கவலைப்படாதீர்கள். உங்கள் லப்டொப்பிலுள்ள பாமினிக் கோப்பை எடுத்து, பாடசாலைக் கணினியில் உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் .லோக்கல், ஷேர், ஃபொன்ட்ஸ் என்ற வழியில் வையுங்கள். ஃபொன்ட்ஸ் கோப்புறை இல்லையென்றால் நீங்களே உருவாக்கலாம். பிறகு எஃப்சி-கேஷ் -எஃப் என்று அடித்து, லிப்ரேஒஃபிஸை மூடித் திறவுங்கள்.

புதிதாகத் தயாரிக்கும் வினாத்தாள்களையாவது யூனிகோட்டில் அடியுங்கள். அடுத்த வருடம் உங்கள் இடத்துக்கு வருகிற ஆசிரியர் வேறொரு கணினியில் திறந்தாலும் பிள்ளைகளுக்கு அதே வினாத்தாள் கிடைக்க வேண்டும்.

கேள்வி: ரெம்மினா இறங்கிக்கொண்டிருக்கும்போது மழையில் கரண்ட் போய்விட்டது. பழைய லப்டொப், பட்டரி இல்லை. இப்போது எதைப் போடப் போனாலும் டிபிகேஜி இடையில் நின்றுவிட்டது என்று வருகிறது. ரெம்மினா திறக்கிறது, ஆனால் இணைப்பைக் கொடுத்தால் சத்தமில்லாமல் மூடிவிடுகிறது.
— ஒரு வாசகர், வாழைச்சேனை

பதில்: மாரி மழைக்காலத்தில் இந்தக் கடிதம் வராத வருடம் இல்லை. டிபிகேஜி என்பது ஏப்ட்டுக்காகப் பக்கேஜ்களை விரித்து வைக்கும் நிரல். பக்கேஜ் பாதி விரிந்த நிலையில் கரண்ட் போனால் சில கோப்புகள் வட்டில் எழுதப்படாமலே நின்றுவிடும். முதலில் சூடோ டிபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ. கழித்தல் குறி முதல் இடத்தில் இரண்டு, அடுத்த இடத்தில் ஒன்று. பிறகு சூடோ ஏப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டோல். இரண்டும் முறைப்பாடு இல்லாமல் முடிந்தால் டிபிகேஜி --வெரிஃபை ரெம்மினா-பிளகின்-ஆர்டிபி என்று அடியுங்கள். ஒன்றும் பேசாமல் அடுத்த வரிக்கு வந்தால் கோப்புகள் சரி. மிஸ்ஸிங் என்று ஒரு பாதையைக் காட்டினாலோ, ஐந்து என்ற எண் உள்ள ஒரு வரி வந்தாலோ அந்தக் கோப்பு காணாமல் போயிருக்கிறது, அல்லது உள்ளடக்கம் மாறியிருக்கிறது. ரெம்மினாவுக்கும் அதே சோதனையைச் செய்யுங்கள். பழுதானதை மட்டும் சூடோ ஏப்ட் இன்ஸ்டோல் --ரீஇன்ஸ்டோல் என்று பெயரோடு கொடுத்தால் போதும், மற்றதைத் தொட வேண்டாம்.

டேட்டா வீணாகிவிட்டதே என்று கடிதத்தில் வருந்தியிருந்தீர்கள். முழுதாக இறங்கிய பக்கேஜ்கள் வார், கேஷ், ஏப்ட், ஆர்கைவ்ஸ் என்ற கோப்புறையில் இருக்கும், பாதி இறங்கியவை அதற்குள் பார்ஷல் என்ற கோப்புறையில். ஏப்ட் அவற்றை விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆகவே எல்லாம் சரியாகும் வரை ஏப்ட் கிளீன் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.